சாக்குகளில் வந்த ட்ரக்டர்

எங்கள் முதலாளி வாங்கிய ட்ரக்டர் பதினோரு உரச் சாக்குகளிலும் இரண்டு தகரப் பீப்பாய்களிலும் கராஜுக்கு வந்து சேர்ந்தது. எஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அச்சுக்கூடு, நான்கு சில்லு என்று பெரிய உடம்புகள் மட்டும் லொறித் தட்டில் தனித்தனியாகக் கிடந்தன. தெல்தெனியப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு தோட்டத்து ஸ்டோரில் யாரோ அதைத் திருத்துவதற்காகக் கழற்றியிருக்கிறார். திரும்பப் பூட்டுவதற்குள் அவருக்கு என்ன ஆயிற்றோ, யாருக்கும் தெரியவில்லை. சுதந்திரம் கிடைத்த காலத்தில் இங்கே வந்திறங்கிய சாம்பல் நிற மாதிரி அது. நான் சொல்வது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கும் அந்த ட்ரக்டருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை.

கராஜ் திகனச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. நான் அங்கே சேர்ந்து பன்னிரண்டு வருடமாகியிருந்தது. தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்து, லொறி கிளீனராக ஏறி, பார்த்துப் பார்த்தே வேலை பிடித்தவன் நான். முதலாளி முஸ்லிம், திகனவிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னை "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் மேசனுக்கும் தச்சருக்கும் மெக்கானிக்குக்கும் அதுதான் மரியாதைப் பெயர். வாகனம் ஒன்று வாசலில் வந்து நின்றால், அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு முதலாளி என் முகத்தைத்தான் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே நான் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருக்கிறேன்.

சாக்குகள் வந்த அன்று ஸ்டோர் அறைச் சாவியை என் கையில் தந்தார்.

"அவசரமில்ல பாஸ். மத்த வேல முடிஞ்ச நேரம் பாருங்க. இது ஓடினா கீழக் காணிக்குத் தண்ணி ஏத்தலாம்" என்றார். நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்கும் சரிவில் அவருக்கு மரக்கறித் தோட்டம் ஒன்று இருந்தது.

அந்த மாதிரி ட்ரக்டரை நான் அதற்கு முன் திறந்ததே இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரம் சாக்குகளைக் கொட்டிக் கொட்டிப் பிரித்தேன். தெரிந்ததை ஒரு பக்கமும் தெரியாததை இன்னொரு பக்கமும் வைத்தேன். தெரியாத குவியல்தான் வளர்ந்தது. அது முதலாளியின் கண்ணில் படக்கூடாதென்று, 'தேய்ந்தது', 'உதவாதது' என்று நானே முடிவு கட்டி, அதில் பாதியைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தேன். பார்க்க நன்றாக இருந்த சில சாமான்களை என் பெட்டியில் போட்டுக்கொண்டேன். அவற்றில் ஒன்று, எண்ணெய்த்தாளில் சுற்றிக் கம்பியால் கட்டிய ஒரு சின்னக் கட்டு. பிரித்துப் பார்த்தால் கடதாசி கனத்தில் ஆறு உருக்கு வளையங்கள். எதற்காவது உதவும் என்று அடித்தட்டில் வைத்தேன். அப்போது அதில் கள்ளம் எதுவும் இல்லை.

பிறகு அவர் வந்தார்.

யுத்தத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். கண்டியில் கடை வைத்திருந்த ஓர் உறவினரின் கடிதத்தோடு வந்திருந்தார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கலாம். கராஜுக்குப் பின்னாலிருந்த அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னார் முதலாளி. பையை வைத்துவிட்டு வெளியே வந்தவர் நேராகப் பழைய இரும்புக் குவியலுக்கு முன்னால் போய்க் குந்தினார். விரல் நீளத்தில் ஒரு சாமானை எடுத்து, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எறியிற சாமானோ அண்ணை?"

"ஆமா. தேஞ்சு போனது" என்றேன்.

"இல்லை அண்ணை. இது லிஃப்ட் பம்புக்குள்ள ஓடுற வால்வு. இது இல்லாட்டிக் கலப்பை மேல எழும்பாது."

மெல்லத்தான் சொன்னார். என்னை மட்டம் தட்டும் எண்ணம் அவர் குரலில் இல்லை. ஆனால் முதலாளி பக்கத்தில் நின்றார்.

"உங்களுக்கு இந்த ட்ரக்டர் தெரியுமா?"

"ஓம். எங்கட பக்கம் வெங்காயத் தோட்டத் தறையளில இந்த மிசின்தான். ஒரு பத்துப் பன்ரண்டு கழட்டிப் பூட்டியிருப்பன்."

முதலாளி அவரைப் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக என் மேல் விழுந்த பார்வை அது. அது இடம் மாறியதை நான் நின்ற இடத்திலிருந்து கண்ணால் கண்டேன். அன்று மாலையே, "பாஸ், அந்த ஸ்டோர்ச் சாவிய இவருக்குக் குடுத்திருங்க. நீங்க வேன் வேலைகளப் பாருங்க" என்றார். சாவியைக் கொடுக்கும்போது சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து வாயால் அவரை 'நீங்க' என்றும், மனதுக்குள் 'அவன்' என்றும் சொல்லிக்கொண்டேன்.

அவர் வேலை செய்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதாவது, பிடித்திருந்தது, அதுதான் பொறுக்க முடியவில்லை. கோதுமை மாச் சாக்குகளைப் பிரித்து, தோய்த்து, வெள்ளைத் துணியாக மேசையில் விரித்தார். பழைய இரும்பில் நான் எறிந்ததையும் என் பெட்டியின் மேல்தட்டிலிருந்து கொடுத்ததையும் சேர்த்து, ஒவ்வொரு சாமானையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து அந்தத் துணியில் வரிசையாக வைத்தார். பிஸ்கட் பெட்டி மட்டையில் எஞ்சினின் வாய், கியர்ப் பெட்டியின் வாய் என்று உருவம் கீறி, எந்த நட்டு எந்த ஓட்டைக்கு என்று அந்தந்த இடத்திலேயே குத்தி வைத்தார். நாங்கள் எல்லா நட்டுகளையும் ஒரே பால்மா டின்னில் போட்டு, கடைசியில் மிஞ்சுவதை அடுத்த வாகனத்துக்குப் பாவிக்கிற ஆட்கள். வாசலில் வேனுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அந்த மேசையின் கால்களையும் அதன் கீழே தெரிந்த அவருடைய ரப்பர்ச் செருப்பையும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஏதாவது பிழைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேன். எஞ்சினின் நான்கு சிலிண்டருக்கும் புது லைனர்க் குழல் இறக்கினார். ஏதாவது ஒன்று சரிந்து நிற்கும் என்று காத்திருந்தேன். நான்கும் ஒரே மட்டத்தில் போய் உட்கார்ந்தன. முன் பக்கத்துப் பல்சக்கரங்களில் இருந்த புள்ளிகளை நேருக்கு நேர் வைத்துப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி புள்ளி பார்த்தார். சரியாக இருந்தது. முதலாளி தேத்தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த மேசைப் பக்கமே போய் நிற்பார். முன்பெல்லாம் என் பக்கத்தில் நின்று குடிப்பார்.

ஒரு நாள் முற்பகல் முதலாளி உள்ளேயிருந்து, "பாஸ்!" என்று கூப்பிட்டார். வேனின் கீழிருந்து அவசரமாக வெளியே வந்தேன். மேசையடியில் அவரும் நிமிர்ந்தார். இரண்டு பேரும், "என்ன முதலாளி?" என்று ஒரே நேரத்தில் கேட்டோம். முதலாளி ஒரு கணம் தடுமாறினார்.

"இல்ல... அவரக் கூப்பிட்டன்" என்று அவரைக் காட்டினார்.

நான் திரும்ப வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். கையில் இருந்த ஸ்பெனர் எந்த நட்டுக்கு என்று கொஞ்ச நேரம் ஞாபகம் வரவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. குடும்பத்தைப் பிரிந்து தனியாக இருக்கிறவர் என்று என் மனைவி அவருக்கும் ஒரு பார்சல் சோறு கட்டித் தரத் தொடங்கியிருந்தாள். கறி போட்டு அனுப்பிய பாத்திரத்தைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கே வந்தார். கழுவித் துடைத்த பாத்திரம். கைகளையும் மரத்தூளும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்திருந்தார். நகத்தில்கூட ஒயில் இல்லை.

"ஒங்க வேலதானே அவரும் செய்றாரு? அவரு கை மட்டும் எப்படிங்க அப்படி இருக்கு?" என்று என் மனைவி கேட்டாள். சும்மா கேட்டாள். அன்றிரவு சாப்பிடும்போது அந்தப் பார்சலில் என்னுடையதைவிடப் பெரிய மீன் துண்டு போகிறதா என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு என்னங்க ஆச்சு?"

எனக்கு என்ன ஆச்சு என்று எனக்கே தெரிந்துதான் இருந்தது. அதற்குப் பெயர் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

இப்படியே நான்கு மாதம் போயிற்று. எஞ்சின் முடிந்தது, கியர்ப் பெட்டி முடிந்தது. பின் அச்சுக்கு வந்தபோது வேலை நின்றது. ஒரு நாள் அவர் எல்லாச் சாக்குகளையும் மறுபடி கொட்டித் தேடுவதைப் பார்த்தேன்.

"என்ன தேடுறீங்க?"

"மெல்லிய வளையங்கள் அண்ணை. உருக்கில, கடதாசி மாதிரி. அச்சுக்கூட்டுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையில போடுறது. பெயரிங் எவ்வளவு இறுக்கமா நிக்கோணும் எண்டு அதுதான் தீர்மானிக்கும். இறுகினா எரிஞ்சு போம், தளர்ந்தாப் பல்லைத் தின்னும். கழட்டின மனுசன் மற்ற ஒரு சாமானும் துலைக்காதவர், அதைத் துலைச்சிருக்க மாட்டார். நீங்கள் எங்கயும் கண்டனீங்களோ?"

என் பெட்டியின் அடித்தட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. எண்ணெய்த்தாள், கம்பிக் கட்டு, ஆறு வளையங்கள்.

"இல்லையே" என்றேன்.

அந்தச் சொல் தானாக வந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன். ஆனால் அப்படி இல்லை. சொல்வதற்கு முன் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த நேரத்துக்குள் நான் யோசித்தேன். அவரால் முடியாத ஒன்றும் இருக்கட்டும் என்று யோசித்தேன்.

நாளைக்குக் கொடுக்கலாம் என்றிருந்தேன். அடுத்த நாள் கொடுத்தால், நேற்று ஏன் இல்லை என்றாய் என்று வரும். அதற்கடுத்த நாள் இன்னும் கஷ்டம். இதற்கிடையில் அவர் பால்மா டின் தகரத்தை வெட்டி வளையம் செய்து பார்த்தார். பூட்டியதும் சில்லு அசையவே மறுத்தது. ஒன்றைக் கூட்டினார், சில்லு ஆடியது. மூன்று வாரம் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். முதலாளி தேத்தண்ணீரோடு அந்தப் பக்கம் போவது குறைந்தது. ஒரு நாள் என் பக்கத்தில் நின்று, "என்னா பாஸ், இது சரி வருமா?" என்று என்னைக் கேட்டார். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

அவர் கொழும்புக்குப் போகப் போவதாகச் சொன்னார். பஞ்சிகாவத்தையில் பழைய வாகனச் சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கலாமாம். அந்த நாட்களில் வடக்கு அடையாள அட்டையோடு கொழும்புக்குப் போய் வருவது சும்மா விஷயமில்லை. வழி நெடுகச் சோதனைச் சாவடிகளில் ஆட்களை இறக்கி ஏற்றிப் பார்ப்பார்கள். முதலாளியும் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

"விடியப் போய்ப் பின்னேரம் வந்திடுவன். போட்டு வாறன் அண்ணை" என்று என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார். என் பெட்டி என் காலடியில்தான் இருந்தது. "சரி, கவனமாப் போயிட்டு வாங்க" என்றேன்.

அன்று பின்னேரம் அவர் வரவில்லை. மறுநாள் காலை, சந்தியில் தொலைபேசி வைத்திருந்த கடைக்காரர் ஓடி வந்து முதலாளியிடம் சொன்னார். திரும்பும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி, பொலிஸில் வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் யாராவது வந்து பொறுப்பெடுக்க வேண்டும்.

"பாஸ், நீங்களும் வாங்க. சாமான் விஷயம் நீங்கதான் சிங்களத்துல வெளக்கணும்" என்றார் முதலாளி.

வேனில் முதலாளி வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பேராதனைப் பாலம் தாண்டியதும், எனக்குக் களைப்பாக இருக்கும் என்று முதலாளி தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்தார்.

அங்கே ஓர் அதிகாரியின் மேசையில் அவருடைய பை கொட்டப்பட்டிருந்தது. ஒயில் துணியில் சுற்றிய ஏதோ நான்கைந்து இரும்பு வளையங்கள். சரியானது கிடைக்காமல், வெட்டிப் பார்க்கலாம் என்று வாங்கியவை. ஓர் அளவுமானி. அப்புறம் ஒரு கொப்பித் தாள். சந்தேகம் அந்தத் தாளில்தான். கோடும் வட்டமும் இலக்கங்களுமாக ஒரு படம். வடக்கு ஆள், இரும்புச் சாமான், இலக்கம் போட்ட படம்.

"இது என்ன?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ட்ரக்டரின் பின் அச்சு. நடுவால் பிளந்து வைத்தது போலக் கீறியிருந்தார். பல்சக்கரம், பெயரிங், கூடு எல்லாம் அளவோடு, ஒவ்வொரு நட்டும் அதனதன் இடத்தில். நான் தலைகீழாக நின்றாலும் அப்படி ஒரு படம் கீற மாட்டேன். அந்த இடத்தில், அந்த மனிதரை ஒரு கதவுக்குப் பின்னால் பூட்டி வைத்திருந்த நேரத்தில், எனக்கு முதலில் வந்தது அந்த எரிச்சல்தான். பிறகுதான் படத்தின் நடுவில் சிவப்புப் பேனையால் போட்டிருந்த வட்டம் கண்ணில் பட்டது. அந்த வட்டத்துக்குள் ஆறு மெல்லிய கோடுகள் இருந்தன. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

நான் விளக்கினேன். இது ட்ரக்டரின் பின் பக்கம், இது சில்லு ஏறும் இடம், இது பெயரிங், இந்த வட்டத்துக்குள் இருப்பதைத்தான் தேடிப் போனார் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னேன். அப்படிச் சொல்லும்போதுதான் அந்த அச்சு எப்படி வேலை செய்கிறது என்று எனக்கே முழுதாக விளங்கியது. முதலாளி கராஜின் கடிதத்தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தார். மாதம் ஒரு தடவை பொலிஸில் பதிய வேண்டும், பொறுப்பானவர் ஒருவர் கூட வர வேண்டும் என்று சொல்லிப் பின்னேரம் அவரை விட்டார்கள்.

வழியில் ஒரு கடையில் முதலாளி அவருக்குப் பாணும் சம்பலும் வாங்கிக் கொடுத்தார். அவர் கையில் வைத்துக்கொண்டே வந்தார், சாப்பிடவில்லை.

அடுத்த நாள் நான் கராஜ் திறப்பதற்கு முன்பே போய், அந்தக் கட்டை ஒரு சாக்கின் அடியில் போட்டேன். அவரே கண்டெடுக்கட்டும் என்ற புத்தி. அவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். முகம் கழுவியிருந்தார், சட்டை மாற்றியிருந்தார். சாக்கைத் தூக்கியவர், கை உள்ளே போனதும் நின்றார். கட்டை வெளியே எடுத்தார். கம்பியைப் பிரித்து, வளையங்களை ஒவ்வொன்றாக வெள்ளைத் துணியில் வைத்தார். ஆறு. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சாக்கை நான் மூண்டு தரம் கொட்டினனான் அண்ணை."

நான் கையில் இருந்த ஸ்பெனரைக் கீழே வைத்தேன்.

"மூண்டு தரம்."

"என்கிட்டதான் இருந்திச்சு" என்றேன். "என் பெட்டியில."

"எப்ப இருந்து?"

"முதல்ல இருந்தே. நீங்க கேட்டப்பவும் இருந்திச்சு."

"ஏன்?"

"முதலாளி இப்பெல்லாம் எதுக்கும் ஒங்களத்தானே கூப்பிடுறாரு" என்றேன். சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று காதில் கேட்டது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வருவதற்கு முன்னால் அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் வந்தது.

"இதுக்கோ?" என்றார்.

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"என்னைச் சட்டையைக் கழட்டச் சொன்னவங்கள். முதுகைத் திருப்பிக் காட்டு, முழங்கையைக் காட்டு, இந்தத் தழும்பு என்ன, அந்தத் தழும்பு என்ன எண்டு விடிய விடியக் கேட்டவங்கள். எஞ்சின் தலை விழுந்து கிழிச்ச காயம் எண்டு சொல்லச் சிங்களம் தெரியாமல் நிண்டனான். இதுக்கோ அண்ணை?"

பிறகு திரும்பிக்கொண்டு அளவுமானியை எடுத்து வளையங்களை அளக்கத் தொடங்கினார். முதல் வளையத்தை இரண்டு தரம் அளந்தார்.

அதன் பிறகு என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். என் வீட்டுப் பார்சலையும் வேண்டாம் என்றார். காரணம் கேட்ட என் மனைவிக்கு, சந்திக் கடையில் சாப்பிட ஒழுங்கு செய்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் ட்ரக்டரின் மிச்ச வேலைக்கு இரண்டு ஆள் தேவைப்பட்டது. அந்த வகை ட்ரக்டருக்குத் தாங்கிப் பிடிக்கும் அடிச்சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அச்சு மூன்றையும் ஒன்றோடொன்று பூட்டினால் அதுவே முதுகெலும்பு. ஒருவர் தூக்கிப் பிடிக்க, மற்றவர் நேர் பார்த்துத் தள்ள வேண்டும். நானாகவே போய் நின்றேன். "பிடியுங்கோ", "கொஞ்சம் உயத்துங்கோ", "விடுங்கோ". இரண்டு மாதம் எங்களுக்குள் இந்த மூன்று சொல்லும்தான். அவர் முகத்துக்கு இவ்வளவு கிட்ட நின்று வேலை செய்ததில்லை. பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவிப் பார்ப்பார். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலாளியிடம் அவர் சொல்லிவிடுவார் என்று தினமும் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம். அவரிடத்தில் நான் இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். இந்த விஷயத்திலும் அவர் எனக்கு மேலே போய் நிற்கிறாரே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

வேலை முடிந்த அன்று முதலாளி வெள்ளைத் தொப்பியோடு வந்து ட்ரக்டரில் ஏறி உட்கார்ந்தார். அந்த மாதிரியில் ஸ்டார்ட் பொத்தான் இல்லை. கியர்த் தடியை ஒரு மூலைக்குத் தள்ளிப் பிடித்தால்தான் எஞ்சின் சுழலும். முதலாளி கண்டதையெல்லாம் அமுக்கிப் பார்த்தார். அதைப் பூட்டியவர்தான் பக்கத்தில் போய், முதலாளியின் கைமேல் தன் கையை வைத்துத் தள்ளினார். இரண்டு தரம் இருமியது. மூன்றாவது தரம் பிடித்தது. பக்கத்துக் கடைகளிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். முதலாளி முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் முன்னால் நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா பாஸ்! எப்பிடி இரிக்கி!"

அந்த நேரத்திலா போய்ச் சொல்ல வேண்டும் என்று என் மனைவி பிற்பாடு கேட்டாள். எனக்கு அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

"அந்த வளையத்த நான்தான் வச்சிருந்தேன் முதலாளி!" என்றேன்.

எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்னா?"

"வளையம்! அவரு கொழும்புக்குப் போனாரே!"

"என்னா சொல்றீங்க?" என்று குனிந்தவர், கேட்பதற்காக எஞ்சினை நிறுத்தினார். நான் அதற்குள் முழு மூச்சையும் பிடித்து, "நான்தான் ஒளிச்சு வச்சேன்!" என்று கத்திவிட்டேன். அந்தச் சொற்கள் அமைதியான முற்றத்தில் விழுந்தன. கடைக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

முதலாளி இறங்கினார். கொஞ்ச நேரம் என்னைப் பார்க்கவில்லை. அவரிடம்தான் கேட்டார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஓம்."

"ஏன் என்கிட்டச் சொல்லல்ல?"

"சொன்னா இவரை நிப்பாட்டிப் போடுவியள். பிறகு பின் அச்சை ஆர் தூக்கிப் பிடிக்கிறது?"

அது பகிடியா, உண்மையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் சிரிக்கவில்லை.

முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "மாசா மாசம் இவரப் பொலிஸ் பதிவுக்குக் கூட்டிட்டுப் போறது நான். இனி நீங்க போங்க. பொறுப்புக் கையெழுத்தும் நீங்களே வைங்க. இவருக்கு ஏதாச்சும் நடந்திச்சின்டா, முதல்ல ஒங்க வாசல்ல வந்து நிக்கட்டும்" என்றார். அன்று தேத்தண்ணீர் யார் பக்கத்திலும் நின்று குடிக்கவில்லை. காரியாலய அறைக்குள் போய்விட்டார்.

முதல் தடவை போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு நீள வாங்கில் இரண்டு பேரும் ஒரு முழ இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தோம். முறை வந்ததும் அதிகாரி படிவத்தைப் புரட்டிவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டார். எவ்வளவு காலம் தெரியும்? என்ன வேலை? ஆள் எப்படி?

முதல் இரண்டுக்கும் பதில் சொன்னேன். மூன்றாவதற்கு என் வாயிலிருந்து வந்தது: "மட்ட வடா ஹொந்தட்ட வெட தன்னவா, சேர்." என்னைவிட நன்றாக வேலை தெரிந்தவர். ஏழெட்டு மாதமாகத் தமிழில் என் மனதுக்குள்கூடச் சொல்லிக்கொள்ள முடியாமல் கிடந்தது, அவருக்கு விளங்காத பாஷையில் சுலபமாக வந்துவிட்டது. அதிகாரி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. முத்திரை குத்தித் தந்தார்.

வெளியே வந்ததும் அவர் இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வேலை சம்பந்தமில்லாத ஒன்றைக் கேட்டார்.

"கடைசியா என்ன கேட்டவர்? என்ன சொன்னனீங்கள்?"

"ஆளு எப்படின்னு கேட்டாரு. பரவாயில்லன்னு சொன்னேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். பஸ் வந்தது; ஏறினோம்.

மூன்று வருடம் மாதந்தோறும் அப்படிப் போய் வந்தோம். முதலில் வாங்கில் இருந்த இடைவெளி குறைந்தது. பிறகு பிள்ளைகளின் கடிதத்தில் வந்த செய்திகளைச் சொல்லத் தொடங்கினார். கராஜில் அவர் ட்ரக்டரும் லொறி எஞ்சினும் பார்த்தார், நான் வேன் பார்த்தேன். சிநேகிதர்கள் ஆனோம் என்று சொன்னால் அது கூட்டிச் சொல்வதாகும். மனைவியும் பிள்ளைகளும் வவுனியாவுக்கு வந்து சேர்ந்ததும் அவர் அங்கே போய்விட்டார். கண்டி பஸ் நிலையத்தில் நான்தான் ஏற்றிவிட்டேன். பையை மேலே வைத்துக் கொடுத்தேன். "வாறன் அண்ணை" என்றார்.

பஸ் போன பிறகு எனக்கு வந்தது துக்கம் இல்லை, பெரிய நிம்மதி. இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். திகனவுக்குத் திரும்பி வந்து, முதலாளி எப்போது கூப்பிடுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு வேலை செய்தேன். பின்னேரம் ஒரு கூப்பிடு வந்தது. "பாஸ்!" என்றார். நான் ஒருவன்தான் நிமிர்ந்தேன்.